எபியேரே உட்கார்ந்திருந்த நாற்காலி

மார்ச் 4, திங்கள், அக்ரா

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கெல்லாம் ஒரே பணம் கொண்டுவரப்போகும் எங்கள் பொது நாணய அலுவலகத்துக்குப் புதிய தலைவர் வந்துவிட்டாள். நைஜீரியாக்காரி, பெயர் எபியேரே. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பதினோரு வருடமாக இங்கே மாரடிப்பவள் நான். ஆனால் நான் காம்பியாக்காரி. வரைபடத்தில் எங்கள் நாட்டை ஒரு விரலால் மறைத்துவிடலாம். அலுவலகச் செலவில் பெரும்பங்கு நைஜீரியாக்காரர்கள் கொடுப்பது. நாற்காலியும் அவர்களுக்கே.

மார்ச் 6

அழகாக வேறு இருக்கிறாள்.

மார்ச் 19

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அவள் பக்கம். தக்காளி போட்டுச் சமைக்கிற ஜொலோஃப் சோறு யாருடையது என்ற பழைய சண்டை. "எங்க கானா சோத்துக்குப் பக்கத்துல நிக்க முடியுமா உங்களால?" என்றார் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் கோப்லா. "அதையா? எங்க ஊர்ல காய்ச்சல்காரனுக்குக் குடுப்போம்" என்றாள் அவள். ஒரே சிரிப்பு. அந்தச் சோறே எங்கள் நாட்டு வொலோஃப் மக்களுடையது. சொல்ல வாயெடுத்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 11

என் அறிக்கையைப் படித்திருக்கிறாள்! இதற்கு முன்னிருந்த தலைவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காதது.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இன்று நாங்கள் வெளிநாட்டுக்கு விற்கும் நிலக்கடலையின் விலை விழுந்தால் எங்கள் பணமான டலாசியின் மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கிறோம். எல்லோருக்கும் ஒரே பணம் வந்த பிறகு அந்த வழி அடைபடும். அதனால் விழுகிற நாட்டைத் தூக்கிவிட ஒரு ஆபத்து நிதி வேண்டும். பெரிய நாடு அதிகம் போட வேண்டும்.

"நீமா அக்கா, இது இல்லாட்டி மத்ததெல்லாம் வெறும் பேச்சு" என்றாள். கொஞ்ச நேரம் மனம் குளிர்ந்துபோனேன். பிறகுதான் உறைத்தது. அபுஜாவில் எல்லா நாட்டுக் குழுக்களும் கூடும்போது இதைப் பேசப்போவது யார்? அவள்.

மே 2, அபுஜா

பேசினாள். என்னைவிட நன்றாக. "இதை எழுதினது நீமா டார்போ" என்று என் பக்கம் கைகாட்டவும் செய்தாள். கைதட்டினார்கள், அவளைப் பார்த்து. பெருந்தன்மைகூட அவளுக்குத்தான் வாய்க்கிறது. சே, என்ன மனசு எனக்கு.

மே 3

கூடத்துக்கு வெளியே அவள் நாட்டுக் குழுவின் தலைவர் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம்.

"பெரியவன்னா ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்துக்கிட்டே இருக்கணுமா? நம்ம தலைமைய ஏத்துக்கட்டும். நம்ம பையில கை விட வேண்டாம்."

"பையத் திறக்காத தலைமைய எவன் சார் ஏத்துக்குவான்?"

"நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். அறிக்கை என்னுடையது. நிற்கவில்லை. அவள் திட்டு வாங்குவது கேட்க இனித்தது — இங்கே எழுதுவதற்கென்ன.

மே 20, அக்ரா

அவளைத் திருப்பி அழைத்துவிட்டார்கள். நிதியைக் கைவிட்டால் நாற்காலியில் இருக்கலாம் என்றார்களாம். முடியாது என்றாளாம். கோப்லா சொன்னார்.

மாலை என் அறைக்கு வந்தாள். "ஒப்பந்தத்துல அந்த நிதிப் பிரிவ மட்டும் விட்றாதீங்க அக்கா." கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள். நல்ல வாசனை. அதையும் கவனித்தேன்.

ஜூன் 10

நாற்காலி எனக்கு! "யாரும் பயப்பட வேண்டாத நாட்டு ஆளா பார்த்தாங்க" என்றார் கோப்லா. பாராட்டா, குத்தலா?

மேசையில் முதல் வேலை: ஒப்பந்தத்தின் புதிய வரைவு. ஆபத்து நிதிப் பிரிவே இல்லை. தலைவர் கையெழுத்து வேண்டுமாம்.

ஜூன் 12

எங்கள் தலைநகர் பாஞ்சூலிலிருந்து அமைச்சர் போனில். "நைஜீரியாவப் பகைச்சுக்கிட்டு நாம எங்கம்மா போறது? கையெழுத்தப் போட்டுடு."

"நாளைக்கு நாம விழுந்தா?"

"விழும்போது பார்த்துக்கலாம்."

அவள் இடத்தில் நான் இருந்தால் — இப்போது அவள் இடத்தில்தானே இருக்கிறேன்?

ஜூன் 14

போட்டுவிட்டேன்.

ஜூன் 15, சனி

மதியம் எபியேரே போன் செய்தாள். வேறு வேலை இன்னும் அமையவில்லை, அம்மா வீட்டில் இருக்கிறாள். நாற்காலிக்கு வாழ்த்துச் சொன்னாள். நிஜமாகவே சொன்னாள்.

"அந்தப் பிரிவு என்னாச்சு அக்கா?"

சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சரிக்கா. மீன் குழம்பு சாப்பிட்டது கண்ணைச் சொருகுது. படுக்கப் போறேன்" என்றாள்.

நான்கு ராத்திரியாக எனக்குத் தூக்கமில்லை. அவள் படுத்திருப்பாள், படுத்ததும் தூங்கியிருப்பாள்.