ரிஹானாவின் மோதிர விரல்

7 ஜூலை 2025, திங்கள்

ஜெரினைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போன இடத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். இன்னும் கை பரபரக்கிறது.

தொடக்கப் பள்ளிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரே மைதானம். பெரிய பெண்கள் வளையப்பந்து வளையத்தை வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒன்று தவறி நேராக என் முகத்துக்கு வந்தது. ஒரு கையில் ஜெரினின் பை, தண்ணீர் பாட்டில். இன்னொரு கை தானாகப் பிடித்து, தானாகத் திருப்பி வீசிவிட்டது. வளையத்தைத் தொட்டு எட்டு வருஷம் ஆகிறது.

ஒன்பதாவது படிக்கும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். “மிஸ், இன்னொரு தபா போடுங்க மிஸ்.”

“அவங்க மிஸ் இல்ல, எங்கம்மா” என்றான் ஜெரின், கடுப்பாக.

தலைமையாசிரியர் தெய்வசிகாமணி சார் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “எந்த காலேஜும்மா?” விழுப்புரம் என்றேன். பல்கலைக்கழக அணி வரை ஆடினேன் என்றதும் எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டார். பி.டி. சார் மாறுதலில் போய் ஒரு வருஷம் ஆகிறதாம். ஆகஸ்டில் உளுந்தூர்பேட்டையில் குறுவட்டப் போட்டி. பெண்கள் இரட்டையருக்கு நம் பள்ளி இதுவரை பெயர்கூடக் கொடுத்ததில்லை.

“சாயந்தரம் ஒரு மணி நேரம் வந்தா போதும்மா. சம்பளம்லாம் கெடையாது. டீ உண்டு.”

சரி என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்காமல். நானா?

8 ஜூலை, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ஆல்பின் கல்வராயன் மலையிலிருந்து சனிக்கிழமைதான் இறங்குவார். அதுவரை பொறுக்க முடியாமல் போன் போட்டேன். மலை ஆஸ்பத்திரியில் அவர் மருந்து கொடுக்கிற ஜன்னலில் கூட்டமாம், இருந்தும் பேசினார்.

“மலையில பொண்ணுங்க இன்னா அடி அடிக்குதுங்க தெரியுமா? மாவட்டத்துல மூணு வருஷமா அதுங்கதான் ஜெயிக்குதுங்க. நீ போய் நல்லா சொல்லிக்குடு.”

ஜெரினுக்கு இழுப்பு வந்தால் என்ன செய்வது, பயிற்சி நேரத்தில் அவன் புழுதியில் விளையாடினால்—இதையெல்லாம் நான்தான் கேட்டேன். அவர் கேட்கவே இல்லை.

10 ஜூலை, வியாழன்

அன்று ஓடிவந்த ரிஹானாவும் பூமாலையும்தான் ஜோடி. பூமாலை குட்டை, ஆனால் வலைக்குப் பக்கத்தில் எதையும் விடமாட்டாள். ரிஹானாவுக்கு நீண்ட கை. பின்னால் நின்று, வளையம் தரையைத் தொடப்போகிற கடைசி நொடியில் அள்ளுகிறாள். பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அனுமதிக் கையெழுத்துக்காகக் கடைவீதிக்குப் போனேன். ரிஹானாவின் அப்பா நூர் முகமது பாய் செருப்புக் கடை வைத்திருக்கிறார். தாளை இரண்டு முறை படித்தார்.

“வெளையாட்டுனு சொல்றீங்க, சரி. ஆனா ஒண்ணும்மா. கை கால் விரலுனு எங்கனா அடிபட்டுதுனு வைங்க, அன்னியோட நிறுத்திடுவேன். அப்புறம் என்னாண்ட வந்து பேசக் கூடாது.”

உள்ளே ரிஹானாவின் அம்மா மெஹ்ராஜ் பேகம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

கையெழுத்து கிடைத்தது. வழியெல்லாம் ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

14 ஜூலை, திங்கள்

எழுத நேரமில்லை. பூமாலை இன்று வலையை உரசிக்கொண்டு விழுகிற மாதிரி வீசக் கற்றுக்கொண்டாள். ஏழு தடவை!

16 ஜூலை, புதன்

பயந்தது நடந்துவிட்டது.

ரிஹானா குனிந்து பிடிக்கும்போது வளையம் விரல் நுனியில் அடித்துவிட்டது. வலது கை மோதிர விரல். முகம் வெளுத்துப் போனது, ஆனால் அழவில்லை. தண்ணீர் ஊற்றி, நடுவிரலோடு சேர்த்துத் துணிக் கட்டு போட்டுவிட்டேன். கல்லூரியில் எங்களுக்கும் இப்படித்தான் செய்வார்கள். அதுவரை சரி.

அப்புறம் என் வாயிலிருந்து ஒன்று வந்தது. “வூட்ல எதுவும் சொல்லிக்காத. ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளை நிறுத்திவிடுவார்கள் என்று. அவளுக்காகவா, எனக்காகவா?

18 ஜூலை, வெள்ளி

நேற்றும் இன்றும் ரிஹானா வரவில்லை. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் வந்திருக்கிறது. பூமாலை தனியாகச் சுவரில் வளையத்தை அடித்துக்கொண்டிருந்தாள். “காய்ச்சல்லாம் இல்ல மிஸ், எனக்குத் தெரியும்” என்றாள். அதற்குமேல் பேச மறுத்துவிட்டாள்.

போன வருஷம் ஜெரின் பள்ளியில் விழுந்து நெற்றி புடைத்து வந்தானே. “ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?” என்று அவன் டீச்சரை எப்படிப் பிடித்துக்கொண்டேன். பாவம், அந்த டீச்சர் அழுதே விட்டார். அதே நான்தான் இன்னொருத்தி பெற்ற பெண்ணிடம் சொல்லாதே என்கிறேன்.

19 ஜூலை, சனி

ஆல்பின் வந்தார். சோறு போடும்போதே சொல்லிவிட்டேன். கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

“மடக்க முடிஞ்சுதா?”

“கொஞ்சம்.”

“எக்ஸ்ரே?”

“இல்ல.”

“அவங்கம்மாக்கு தெரியுமா?”

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் திட்டவில்லை. “நாளைக்கு பூச முடிஞ்சதும் போய் சொல்லிட்டு வந்துடு. எலும்புல எதுனா இருந்தா லேட் பண்ணக் கூடாது” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நாளையோடு எல்லாம் முடிந்துவிடும். பூமாலைக்கு யார் சொல்வது?

20 ஜூலை, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. கோயிலிலிருந்து நேராகக் கடைவீதி. பாய் கடையில் இல்லை. மெஹ்ராஜ் அக்கா மட்டும் இருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விரலில் பட்டது, கட்டியது, சொல்லாதே என்றது.

அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு பெரிய உறையை எடுத்து வைத்தார். எக்ஸ்ரே.

“வியாழக்கெழமையே எடுத்தாச்சு. எலும்புல ஒண்ணும் இல்ல. பத்து நாளு அசைக்கக் கூடாதாம்.”

“உங்களுக்கு… அவ சொல்லிட்டாளாக்கா?”

“அவ எங்க சொன்னா? கட்ட அவுத்துட்டுதான் வூட்டுக்குள்ள வந்தா. சோறு பெசையற கை அது. ஸ்பூனு குடுன்னு கேட்டா. எங்க வூட்ல இன்னிக்கு வரிக்கும் எவ ஸ்பூன்ல தின்னா?” சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. “உம்மேல கோவம் ஜாஸ்திதான் நான்சி. அடிபடும், சரி. மறைக்கலாமா? நீயா வந்து சொல்றியானு நாலு நாளா வாசலையே பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்கு வரலன்னா நாளைக்கு ஸ்கூலுக்கே வந்து பேர அடிச்சிருப்பேன்.”

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாயிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

“அவருகிட்ட கதவுல இடுக்கிக்கிச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். உனுக்கு ஒரு பொய்யி, எனக்கு ஒரு பொய்யி.”

“நான் நெஜத்தையே சொல்லிட்றேங்க்கா.”

“சொல்லு. நானும் கூட நிக்கிறேன்.”

பாய் வந்தார். சொன்னோம். என்னைவிட மனைவிமேல்தான் கோபம் அதிகம். “ரெண்டு பேரும் சேந்துக்கினு என்ன முட்டாளாக்கினீங்களா?” எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒரு போட்டி. நானே வந்து பாப்பேன். அப்புறம் முடிவு பண்றேன்” என்றார்.

ஒரு போட்டி. போதும், போதும்.

30 ஜூலை, புதன்

ஞாயிறோடு பத்து நாள் முடிந்தது. அன்று ஆல்பினும் மடக்கிப் பார்த்துச் சரி என்றார், இருந்தும் இரண்டு நாள் பொறுத்தோம். இன்று ரிஹானா வளையத்தைக் கையில் எடுத்ததும் பூமாலை திட்டினாள். “பத்து நாளா செவுத்தோட ஆடிக்கினு இருந்தேன்டி. செவுரு உன்னவிட நல்லா புடிக்குது.”

ஆட்டத்தில் பூமாலை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். உடனே அவள் அப்பா சின்னராசுவுக்குப் போன் போட்டேன். களமருதூர்ப் பக்கம் நடவில் இருந்திருக்கிறார். “இதுக்காம்மா போன் பண்ண? அது பொறந்ததுலருந்தே முட்டி தேஞ்சிதான் கெடக்குது” என்றார். பரவாயில்லை. இனி எல்லாவற்றுக்கும் போன்தான்.

6 ஆகஸ்ட், புதன்

எங்கிருந்து எழுதுவது? தொண்டை கட்டிவிட்டது, விரல்கள் மட்டும் வேலை செய்கின்றன.

உளுந்தூர்பேட்டையில் நான்கே அணிகள். முதல் ஆட்டத்தில் எளிதாக ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தில் முதல் செட் போய்விட்டது, 14–21. ரிஹானா பிடிக்கப் போகிற கையைக் கடைசி நொடியில் இழுத்துக்கொள்கிறாள். பயம். எனக்குத் தெரிந்த பயம்தான்.

இடைவேளையில் கேட்டேன். “வலிக்குதா? வலிச்சா சொல்லு, இப்பவே நிறுத்திக்கலாம். யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க.” மனதாரத்தான் சொன்னேன்.

விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “வலிக்கல மிஸ். வலிக்குமோனு இருக்குது.”

“அப்ப இடது கையில புடி,” என்றாள் பூமாலை. “ஒனக்கு ரெண்டு கை இருக்கு இல்ல?”

பத்து நாள் சும்மா இருக்கும்போது இடது கையால் வீட்டில் தலையணையைப் பிடித்துப் பழகியிருக்கிறாள், கள்ளி. இரண்டாவது செட்டில் வலது, இடது என்று மாறி மாறிப் பிடித்தாள். எதிரணிக்கு எந்தப் பக்கம் போடுவது என்றே தெரியவில்லை. 21–16. மூன்றாவது செட்டில் 19–19. மெஹ்ராஜ் அக்கா துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டு, “முடிஞ்சுதா, முடிஞ்சுதா” என்று என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தார். ஜெரின் புழுதியில் உருண்டுகொண்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

21–19.

பாய் எழுந்து நேராக நடுவரிடம் போனார். “சார், எதிர்ல ஆடுன செகப்பு சட்டைப் பொண்ணு மூணு தபா கோட்ட மிதிச்சுது. நீங்க ஒண்ணுக்குத்தான் பாயிண்டு குடுத்தீங்க” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “செருப்புக் கடக்காரன் பொண்ணு வெறுங்கால்ல ஆடுது. ஊர் சிரிக்காது?” என்றார்.

முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

இன்று மைதானத்தில் பதினோரு பெண்கள். வளையம் ஒன்றுதான்.

9 அக்டோபர், வியாழன்

நாளை கள்ளக்குறிச்சியில் மாவட்டப் போட்டி. இரண்டு நாள், இரவு அங்கேயே தங்கல். மலைப் பெண்களும் வருகிறார்கள். ஆல்பின் இறங்கி வந்து ஜெரினைப் பார்த்துக்கொள்கிறார். இன்ஹேலர் எங்கே என்று இரண்டு முறைதான் சொன்னேன்.

துணைக்கு இன்னொரு பெண் வேண்டும் என்று சார் சொன்னதால், மெஹ்ராஜ் அக்காவைக் கூப்பிடப் போனேன். ரிஹானாவின் பையைத் தயாராகக் கட்டி என் கையில் கொடுத்தார்.

“நான் வரல. வந்தா கண்ண மூடிக்கினுதான் ஒக்காந்திருப்பேன். பூமாலையோட அம்மாவ கூட்டிக்கினு போ. அடிபட்டா நீ சொல்லு. ஜெயிச்சா அவளே சொல்லுவா.”