அம்மாவின் இறக்கப் பாதை

அம்மா,

சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் என் பெருவிரலில் நோவெண்ணெய் மணக்கிறது. நேற்று உங்கள் ஆண்டுத் திவசம். படையலில் வைக்க ஒரு சேலை எடுக்கலாம் என்று உங்கள் அலுமாரியைத் திறந்து ஊதாக்கரைக் கைத்தறியை இழுத்தேன். அதன் மடிப்புக்குள்ளிருந்து அந்தக் கேம் வந்தது. அண்ணாவின் மகள் கனடாவிலிருந்து வந்து நின்றபோது மறந்து விட்டுப்போன, கைக்குள் அடங்கும் விளையாட்டுப் பெட்டி. மணிக்கட்டுக்கு நீங்கள் பூசும் எண்ணெய் அதன் பொத்தான் இடுக்கெல்லாம் ஊறியிருந்தது. அதை முகர்ந்ததும் நீங்களே அறைக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன். வெட்கம்தான் வந்தது, அம்மா.

களுவாஞ்சிக்குடியில் உங்களை யாரும் பெயர் சொல்லி அழைத்ததாக எனக்கு நினைவில்லை. கணக்கு ரீச்சர். உதவி அதிபராகி ஓய்வு பெற்ற பிறகும் கணக்கு ரீச்சர்தான். நீங்கள் சந்தைக்குள் நுழைந்தால் மீன்காரர் தராசைத் துடைத்து வைப்பார் என்று அப்பா பகிடி பண்ணுவார். வீட்டிலும் அதே சட்டம்தான். நானும் அண்ணாவும் கரம் போர்டை எடுத்தால், "நேரத்தைத் திண்டு முடிக்கப் போறீங்களா?" என்று ஒரு கேள்வி வரும், போர்டு தானாகவே சுவரோரம் போய்விடும். அப்படிப்பட்ட நீங்கள், கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பில் தகடு வைத்து, வாசலைப் பார்த்த கதிரையில் இருக்க நேர்ந்த பிறகு அந்தக் கேமை மடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் விளையாடினீர்கள்.

முதல் நாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டது காதில் இருக்கிறது.

"இஞ்ச வாகா புள்ள. இதை ஒருக்காப் பார்."

விசித்திரமான மிருகங்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிடுகிற உலகம் அது. அண்ணாவின் மகள் அதில் பாதித் தூரம் போய், மலையில் இருக்கும் ஓர் ஊரின் எல்லையில் நிறுத்திச் சேமித்துவிட்டுப் போயிருந்தாள். அந்த எல்லைக்கு அப்பால் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை தொடங்குகிறது. மேலிருந்து கீழே ஒரே இறக்கம். மிதிக்க வேண்டியதில்லை. எதையும் தொடாமல் விட்டால் சைக்கிள் தன்பாட்டில் உருண்டுகொண்டே போகும். நிற்க விரும்பினால்தான் பொத்தானை அழுத்த வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு காவல்காரன் இருக்கிறான். நடந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவான். சைக்கிளில் வருகிறவர்களை ஏறியிருந்தபடியே போக விடுவான். அவனைக் காட்டத்தான் கூப்பிட்டீர்கள்.

"பாத்தியா? சைக்கிள்ல இருந்து இறங்கச் சொல்லாத சென்றி!"

சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். எனக்கும் அந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியாமல் இல்லை. படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் படிப்பித்த காலத்தில், வாவியைக் கடக்கும் 'பாதை'ப் படகில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போவீர்கள். அக்கரையில் இறங்கினால் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் ஒரு சென்றி, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். நடந்து முடிந்து ஏறினால் கச்சான் காற்று முகத்தில் அடிக்கும். சேலைக் கரையில் செயின் கறையோடுதான் வீட்டுக்கு வருவீர்கள். எங்கள் பக்கத்தில் மலையும் இல்லை, மேடும் இல்லை. மிதிக்காமல் ஓடிய சைக்கிளை நீங்கள் வாழ்நாளில் கண்டதில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? தோளில் கைப்பையோடு நின்று, திரையை அரைக்கண்ணால் பார்த்து, "நல்லம் அம்மா, பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டு மட்டக்களப்பு பஸ்ஸுக்கு ஓடினேன். உங்கள் சைக்கிள் அப்போதுதான் உருளத் தொடங்கியிருந்தது.

வேலை விட்டு வந்து பார்த்தால் திரும்பவும் அதே எல்லையில், அதே காவல்காரனுக்கு முன்னால் நின்றீர்கள். உங்களுக்குச் சேமிக்கத் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, அதிகாரி தோரணையில் சொல்லித்தர வந்தேன்.

"சேவ் பண்ணுங்க அம்மா. இல்லாட்டி ஒவ்வொரு முறையும் மேல இருந்துதான் வரும்."

"வரட்டுமே. இது புள்ளட விளையாட்டு. அவள் வந்து பாக்கக்குள்ள வெச்ச இடத்தில இரிக்கணும். பிறத்தியார்ட கொப்பியில நான் எழுதுவனா?"

அதனால் உங்களுக்கு ஏற்றமே வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் மலையுச்சி. ஒரு மிருகத்தையும் நீங்கள் பிடிக்கவில்லை. வழியில் சண்டைக்கு மறிக்கும் சைக்கிள்காரர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "விலத்திப் போவன். அவனுகளோட எனக்கென்ன கதை" என்றீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது ஊர் வாய். கோயில் வாசலில் ஒரு பெண், கரிசனையாகத்தான், "ரீச்சர் இப்ப சின்னப்புள்ள மாதிரி ஆகிட்டாவாமே, மனே?" என்று கேட்டாள். எனக்கு முகம் எரிந்தது. என் அம்மாவைப் பார்த்து ஊர் பயப்பட வேண்டும் என்றல்லவா நான் வளர்ந்திருந்தேன்! ஊர் உங்களுக்காக இரங்கத் தொடங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து யாராவது கேற்றைத் திறக்கும் சத்தம் கேட்டால் உங்கள் மடியிலிருந்து அதை எடுத்துத் தலையணைக்குக் கீழே செருகினேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள். அவ்வளவுதான்.

உங்கள் பழைய மாணவர்கள் பொன்னாடையோடு வந்த நாளை எழுதக் கை கூசுகிறது. நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவர்கள் கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். உங்களோடு படிப்பித்த பூமணி ரீச்சரும் கூட வந்திருந்தா. நீங்கள் கேமைக் கையில் வைத்தபடி அவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தீர்கள். அதிலிருந்து அந்தச் சிறுபிள்ளைத்தனமான சங்கீதம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. தட்டை வைத்துவிட்டு அதை உங்கள் கையிலிருந்து பறித்தேன். பறித்ததற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டியிருந்தது.

"அம்மாக்கு இப்ப கொஞ்சம் மறதி. பிள்ளையள் விட்டிட்டுப் போனதையெல்லாம் வெச்சிட்டு இரிப்பா."

மறதியாம். வந்திருந்த ஒவ்வொருவருடைய தகப்பன் பெயரையும் அதற்குச் சற்று முன்னர்தான் நீங்கள் சொல்லி விசாரித்திருந்தீர்கள். நீங்கள் என்னைத் திருத்தவில்லை. வாழ்க்கை முழுக்கப் பிழைக்குச் சிவப்பு மையால் கோடு போட்ட நீங்கள், நான் சபையில் சொன்ன அந்தப் பிழையை அப்படியே விட்டுவிட்டுப் பொன்னாடைக்குக் குனிந்தீர்கள்.

அதன் பிறகு நான் எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. பின்னேரம் நான் கேற்றைத் திறக்கும்போது உங்கள் மடியில் போர்வை அசையும். உள்ளே வந்தால் கைகள் வெளியே இருக்கும், முகம் சுவரைப் பார்த்திருக்கும். மேசைக்குக் கீழே புளியங்காய் தின்ற பிள்ளைகளைக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே பிடித்த நீங்கள், பெற்ற மகளுக்குப் பயந்து போர்வைக்குள் ஒளித்தீர்கள். நான் கண்டும் காணாததுபோல் உடுப்பு மாற்றப் போவேன். அதைப் பெரிய பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டேன். மாரி தொடங்கி நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நீங்கள் திரும்பி வரவில்லை. அந்தக் கேம் எங்கே என்று நான் தேடவும் இல்லை.

நேற்று விடியக் காலையிலேயே சின்னம்மா வந்துவிட்டா. உங்கள் தங்கையைத் தெரியும்தானே, படையல் என்றால் விட்டுக்கொடுக்க மாட்டா.

"அக்காக்கு விருப்பமானதெல்லாம் வரணும். ஒண்டு குறைஞ்சாலும் அவ வந்து வாசலில நிண்டிட்டுப் போயிருவாகா. பிட்டு இரிக்கி, றால் பொரியல் இரிக்கி, விளாம்பழம் இரிக்கி. வேற என்ன விருப்பம் அவக்கு? நீதானே கூட இருந்த?"

நான்தானே கூட இருந்தேன். வேறு என்ன விருப்பம் என்று எனக்குத் தெரியும்; அது அப்போது என் கையிலேயே இருந்தது. கூடத்தில் உங்கள் பள்ளிக்கூட ஆட்கள், என் அலுவலகத்து ஆட்கள், அயலவர்கள் எல்லோரும் பாயில் வந்து இருக்கத் தொடங்கியிருந்தார்கள். வாழையிலைக்குப் பக்கத்தில் அந்தக் கேமை வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள், கேட்பார்கள். வைக்காமல் விட்டால் நீங்கள் வாசலோடு திரும்பிவிடுவீர்கள். அம்மா, நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதைத் திரும்பவும் சேலை மடிப்புக்குள் செருகி, சேலையைத் தட்டில் வைத்தேன். உங்களுக்குக் கொடுத்ததாகவும் இருக்கும், சனத்துக்குத் தெரியவும் வராது. நீங்கள் செத்த பிறகும் உங்களை ஒளித்தேன்.

கற்பூரம் காட்டி எல்லோரும் கும்பிட்டு முடிந்ததும், படைத்த சேலையை உங்களுக்கு நெருக்கமான ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சின்னம்மா அதைத் தூக்கினா. பூமணி ரீச்சரிடம் நீட்டினா. நீட்டியபோது மடிப்புக்குள்ளிருந்து கேம் வழுக்கி, நேரே பிட்டுக்கு மேல் விழுந்தது.

"இதென்னகா இது?" என்றா சின்னம்மா.

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா? "அது... பிள்ளையள் விட்டிட்டு..." அதே பொய். ஒரு வருடத்துக்கும் மேலாக எனக்குள் பழுதாகாமல் இருந்திருக்கிறது.

நான் முடிக்கவில்லை. பூமணி ரீச்சர் குனிந்து அதை எடுத்து, ஒட்டியிருந்த பிட்டைத் தன் முந்தானையால் துடைத்தா.

"இது ரீச்சர்ட சைக்கிள்தானே! எங்க போயிட்டு எண்டு நானும் யோசிச்சன்."

பிறகு அவ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். நான் பஸ்ஸேறிப் போனதும் பூமணி ரீச்சர் அடுத்த தெருவிலிருந்து வந்துவிடுவாவாம். தயிர் கொண்டுவரும் பெண்ணும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இருப்பாளாம். பக்கத்து வீட்டுக்காரியும் வருவாளாம். மாறி மாறி இறங்குவீர்களாம். பாதையோரத்து வேலியில் முட்டியவர் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டமாம். கூடத்தில் ஒருத்தி சிரித்து, "நானும் ஓடினன் சேர்" என்று என் மேலதிகாரியிடம் சொன்னாள். தயிர்க்காரிதான் அது. ஊருக்குத் தெரியாமல் நான் காத்த விசயத்தை ஊரே வந்து விளையாடிவிட்டுப் போயிருக்கிறது.

"அண்டைக்கு நீங்க மறதி எண்டு சொல்லக்குள்ள எனக்குச் சிரிப்ப அடக்க ஏலாமப் போயிட்டு" என்றா பூமணி ரீச்சர். "மறுகா உங்கட பஸ் வாற நேரமாகினா எங்களை எழுப்பி அனுப்பிருவா. 'மகள் வெக்கப்படுவாள், பாவம். சுறுக்காப் போங்க' எண்டு சொல்லுவா."

பாவம் என்று என்னைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் பயமென்று நினைத்த அந்தப் போர்வை, என் மானத்தைக் காப்பாற்ற நீங்கள் இழுத்துப் போர்த்தியது. உங்களுக்கு யாரிடமும் ஒளிக்க எதுவும் இருக்கவில்லை. என் ஒருத்திக்காக, உங்கள் சொந்த வீட்டில், நேரம் பார்த்து விளையாடியிருக்கிறீர்கள்.

எல்லோரும் நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி ஆசையோடு என்னிடம் கேட்டாள்: "அக்கா, அந்த இறக்கம் முடிஞ்சா கீழ என்ன வரும்? கீழ போய் அம்மா என்ன செய்வா?"

மகளிடம்தானே கேட்பார்கள். எல்லோரும் என் பதிலுக்காகத் திரும்பினார்கள். அந்தக் கதிரைக்கு ஒரு சுவர் தள்ளித்தான் என் கட்டில். அவ்வளவு நாளில் ஒரு தடவைகூட உங்கள் பக்கத்தில் இருந்து அந்த இறக்கத்தை முடியும்வரை நான் பார்த்ததில்லை.

"தெரியாது" என்றேன்.

எனக்காகப் பூமணி ரீச்சர்தான் பதில் சொன்னா. "கீழ கடல். கரையில சைக்கிளை விட்டிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பா. எங்களையும் பேச விடமாட்டா. மறுகா நிப்பாட்டிருவா."

சனம் சாப்பிட்டுப் போய்விட்டது. பாத்திரமும் கழுவியாயிற்று. என் அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பா என்பதை வெளியாள் ஒருவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். அந்த வெட்கத்தை எங்கே இறக்கி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை, அம்மா.