அப்பா ஓட்டி வந்த காகிதக் கார்

பிள்ளையார் துணை

மங்கரே, ஆக்லாந்து
நவம்பர் 9

அன்பு மகள் பிரசாந்திக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், ஒஸ்லோக் குளிரில் நீயும் மருமகனும் மூக்கொழுகாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் சிரித்துக் குழப்பிவிடுவாய், அதுதான் கடிதம்.

விரிப் பக்கத்துக் கிடங்கில் என்னோடு பெட்டி அடுக்கும் மெக்சிக்கோக்காரி கார்மெனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய ஊரில் நவம்பர் தொடக்கத்தில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம், அவர்களை வரவேற்க, பட்டம் கட்டுகிற மாதிரி மெல்லிய தாளில் உருவங்கள் வெட்டித் தோரணம் கட்டுவார்களாம், தாள் ஆடினால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தமாம். அப்பா போய் ஒன்பது மாதமாகிறது என்றேன். அவர் என்ன செய்வார் என்று கேட்டாள். கார் ஓட்டுவார், ஓட்டும்போது எல்லாரையும் ஏசுவார் என்றேன். அடுத்த நாளே முப்பது தாளை அடுக்கி உளியால் தட்டி வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாய் பிளந்த எலும்புக்கூடு ஒன்று கார் ஓட்டுகிறது, மூக்குக்கண்ணாடிகூடப் போட்டிருக்கிறது. முதலில் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு பார்த்தால், சத்தியமாக அப்பாவேதான். அந்த வழுக்கை ஒன்றே போதும்.

சாமிப்படத்துக்குப் பக்கத்தில் எலும்புக்கூடு கட்ட மனம் வரவில்லை, கராஜ் வாசலில் கட்டினேன். சனிக்கிழமை விமான நிலையப் பக்கமிருந்து காற்று அடித்ததே ஒரு அடி, பச்சைத் தாள் ஒன்று அறுந்து இரண்டு வீடு தாண்டி, போயும் போயும் இராசநாயகம் சித்தப்பாவின் தபால்பெட்டியில் மோதி ஒட்டிக்கொண்டது. அப்பா அவர் வீட்டிலிருந்து ரிவேர்ஸ் எடுக்கும்போது இடித்து, மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று நின்று, அண்ணன் தம்பி நாலு வருசம் முகம் பார்க்காமல் போனார்களே, அதே பெட்டி. செத்தவீட்டிலும் சித்தப்பா வாசலோடு நின்று போனவர்தானே.

பத்து நிமிசத்தில், செத்த எலியைத் தூக்குவது போல் இரண்டு விரலால் தாளைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "மச்சாள், செத்தும் இந்த மனுசன் என்ர பெட்டியை விடமாட்டார் போல கிடக்கு" என்றார். நான் பயத்தில் கார்மென் சொன்னதெல்லாம் ஒப்பித்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "அண்ணை சீட் பெல்ட் போடேல்லை" என்றார். பிறகு தானே, "எப்ப போட்டவர்" என்றார். சிரிக்கத் தொடங்கினவர் நிறுத்தவில்லை, கடைசியில் அது சிரிப்புத்தானா என்று எனக்கே சந்தேகம் வந்து, தேத்தண்ணி வைக்கிற சாட்டில் உள்ளே போய்விட்டேன். குசினி யன்னலால் கேட்டது. கயிற்றில் இருந்த மிச்சத் தாள்களைப் பார்த்துச் சொல்கிறார், "அண்ணை, பிழை உங்கட இல்லை. பெட்டியைப் பாதைக்குள்ள தள்ளி நட்டது நான்தான்." தாளெல்லாம் ஒருமிக்க ஆடின. காற்றுத்தான், தெரியும். என்றாலும் நான் ஒரு கோப்பை தேத்தண்ணி கூடுதலாகவே ஊற்றினேன்.

இதற்குள் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறேன், ஹீட்டருக்குக் கிட்டக் கட்டிவிடாதே, பற்றிக்கொள்ளும். மருமகன் பயந்தால் அது மாமாதான் என்று சொல். காலைச் சாப்பாட்டை விடாதே, வெறும் கோப்பி சாப்பாடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவுக்கு ஒருக்கா போன் எடு, நீளமாகக் கதைப்பார், இடையில் வைக்காதே, அவருக்கு நாலு வருசக் கதை இருக்கிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரோடு ஒருவர் கோபம் வைக்காமல் நீடு வாழ வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
வசந்தமலர்