பாறையில் ஏறியது என் அக்கா

என் பேச்சியக்காவுக்கு,

நீ போய் முப்பது நாள் ஆகிறது. எல்லாரும் உன் ஆத்மாவுக்குச் சாந்தி கேட்டு எழுதுகிறார்கள். நான் உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். இருந்தபோது நான் இந்தப் பேச்சை எடுத்தாலே "விடுட்டி" என்று எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்?

உன் மகன் பாலு போனில் நம் குடும்பத்துக்கென்று ஒரு குரூப் வைத்திருக்கிறான். சுரண்டைக்காரர்களிலிருந்து துபாயில் இருப்பவன் வரை எல்லாரும் அதில் உண்டு. உன் காரியம் முடிந்த மறுநாள், உன் படத்தையும் அத்தான் படத்தையும் சேர்த்துப் போட்டான். 'ஐந்தருவிப் பாறையில் ஏறி ஓர் உயிரைக் காத்த வீரரின் மனைவி' என்று அடியில் எழுதியிருந்தான். கும்பிடுகிற கை, பூ, விளக்கு என்று வரிசையாக வந்து விழுந்தன. வீரரின் மனைவியாம்! உடம்பெல்லாம் எரிந்தது அக்கா.

அன்றைக்கு நடந்ததை விவரம் தெரிந்து பார்த்தவர்களில், நம் குடும்பத்தில் இன்று மிச்சம் நான் ஒருத்திதான். எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினைந்து வயது. அத்தானுக்கு ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. நானும் நீயும் உன் மாமியாரும் அவருக்குச் சோறு கொண்டு போயிருந்தோம். திடீரென்று தண்ணீர் ஏறியது. குளித்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் மட்டும் விளையாட்டாக ஏறி, பக்கத்துப் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு அலறினான். தென்காசித் தீயணைப்புக்காரர்களுக்குப் போன் பண்ண லாட்ஜுக்கு ஆள் ஓடியது. மழையில் அங்கே போன் செத்துக் கிடந்தது.

அத்தானும் அவரோடு எண்ணெய் தேய்க்கிற மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. எண்ணெய் ஊறின கால் ஈரப் பாறையில் நிற்காது. அது குற்றாலத்தில் குழந்தைக்கும் தெரியும். அத்தான் வீட்டுச் சிமெண்டுத் தரையிலேயே சுவரைப் பிடித்து நடக்கிறவர். அந்தக் காலோடு அவர் பாறையில் ஏறினார் என்று எழுதுகிறானே உன் மகன், அவன் குற்றாலத்தில் பிறந்தவன்தானா?

நீ ஏழு மாதப் பாலுவை என் இடுப்பில் வைத்தாய். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாய். உள்ளங்காலை மண்ணில் நன்றாகத் தேய்த்தாய். சுள்ளி பொறுக்க ஏறுகிற மாதிரி ஏறினாய், அவ்வளவுதான். ஒரு கையோ ஒரு காலோ மட்டும் அசையும், மற்ற மூன்றும் பாறையை விடாது. அவனுக்குக் கீழே போய் நின்று, அவன் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு பள்ளமாக வைத்தாய். உன் சத்தம் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "கீழ பாக்காதீய தம்பி. பாறைய மட்டும் பாருங்க. வலது கால எடுங்க. இங்கன வைங்க. நான் பிடிச்சிருக்கேம்லா."

தரைக்கு வந்ததும் உன் மாமியார் சொன்ன முதல் வார்த்தை எனக்கு மறக்குமா? "ஊரான் காலப் பிடிச்சு இறக்கிட்டு வந்து நிக்கா பாரு, வெக்கங்கெட்டவ. சேலைய இறக்கி விடுட்டி."

அடுத்த வாரம் பையனின் அப்பா பொன்னாடையோடு வந்தார். "ஒரு அக்கா இறக்குச்சுன்னு பையன் சொல்றான்" என்றார். உன் மாமியார் சிரித்தாள். "காய்ச்சல்ல உளறியிருக்கும் பிள்ள. எம்மவன்லா ஏறுனான்." அவர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா, யாரு ஏறுனா?" என்று கேட்டார். கிழவி என் முதுகில் கிள்ளினாள். நான் அத்தானைக் காட்டினேன்.

ஆமாம், நானும்தான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நீ கதவுக்குப் பின்னால்தானே நின்றாய்? ஒரு எட்டு முன்னால் வந்திருந்தால் என்ன? அத்தான் அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு ஸ்டூடியோவில் படம் எடுத்தார். நீ அந்தப் படத்துக்குத் தினமும் தூசி துடைத்தாய். என்ன நெஞ்சு உனக்கு?

அதற்கப்புறம் நீ எதிலும் ஏறவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எண்பதுகளில் ஒருமுறை திருமலைக்கோவிலுக்குப் போனோமே, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். "எனக்கு உசரம்னா பயம்ட்டி" என்றாய். நடிக்கிறாய் என்று நினைத்து உன் கையைப் பிடித்தேன். உண்மையாகவே நடுங்கியது. அவர்கள் ஒரு பொய் சொன்னார்கள் என்றால், நீ அந்தப் பொய்க்கு ஏற்றபடி ஆகிவிடுவதா?

போன வாரம் பொறுக்க முடியாமல் நானும் அந்தக் குரூப்பில் பேசினேன். எனக்கு அந்தச் சின்ன எழுத்துகளை அழுத்தி எழுத வராது. மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசினால் போதும் என்று உன் பேத்தி நிவி சொல்லித் தந்திருந்தாள். ஏழு நிமிஷம் பேசினேன், அத்தான் காலில் ஊறின எண்ணெய் உட்பட. பாலு அதை அழித்துவிட்டான். குரூப் அவனுடையது, யார் பேசினதையும் அழிக்கலாமாம். அதோடு விடவில்லை, என்னையும் குரூப்பை விட்டு வெளியே தள்ளினான். பிறகு போன் பண்ணினான்.

"எதுக்கு சித்தி இப்பம் போய் இதக் கிண்டுதீய? செத்தவங்கள நிம்மதியா விடுங்க."

"ஏலே, செத்தவ எங்க அக்காலே. அவள நீ செத்தப்புறமும் கதவுக்குப் பின்னால நிறுத்துதியே."

"ஊரு சிரிக்கும் சித்தி."

"சிரிக்கட்டும். அன்னைக்கு என் இடுப்புல இருந்துக்கிட்டு நீயும்தாம்லே பாத்த."

போனை வைத்துவிட்டான்.

ஆனால் அழிப்பதற்குள் நிவி கேட்டுவிட்டாள். அவள் கோயம்புத்தூரில் படிக்கிறாள் அல்லவா, அங்கே கல்லூரியில் பாறை மாதிரியே சுவர் கட்டி ஏறப் பழக்குகிறார்களாம். முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டாள். இடுப்பில் கயிறு மாட்டுகிற வார், கை வழுக்காமலிருக்க வெள்ளை மாவு.

"சின்னாச்சி, ஆச்சி இறங்கும்போது எப்படிக் கால் வச்சா? எனக்கு ஏற வருது, இறங்கத்தான் நடுங்குது."

நான் பாறையை நினைத்து நினைத்துச் சொன்னேன். அவள் போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுச் சுவரில் ஏறினாள். நான் சொல்லச் சொல்ல இறங்கினாள். பாதியில் கால் நடுங்கியது. "நான் பிடிச்சிருக்கேம்லா" என்று என் வாயில் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கிறவளை நான் எங்கே பிடிப்பது? ஆனாலும் இறங்கிவிட்டாள் அக்கா. இறங்கி வந்து உட்கார்ந்து அழுதாள்.

மலையில் நிஜப் பாறை ஏறப் பத்து நாள் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்பா கையெழுத்து வேண்டுமாம். பாலு மாட்டேன் என்கிறான். "நம்ம குடும்பத்துல பொம்பளையாளு யாரும் பாறை ஏறினதில்ல" என்றானாம். இதை அவன் சொன்ன பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் தென்காசிக்கு, பாலு வீட்டுக்குப் போகிறேன். நிவியும் கையெழுத்து வாங்க வேண்டிய தாளோடு வருகிறாள். அவள் முன்னால், அவன் முகத்துக்கு நேராக, முதலிலிருந்து சொல்வேன். அவன் கையெழுத்துப் போடும்வரை அந்த வீட்டு வாசலை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஒரு நாளானாலும் சரி, ஒரு மாதமானாலும் சரி. இது உனக்கு நான் தரும் வாக்கு. உன் மேல் உள்ள கோபம் அதற்கப்புறமும் இருக்கும், அது வேறு.

உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்தவள்,
தங்கச்சி சண்முகத்தாய்