சத்தம் போடுறதா ஒண்ணு

பாவா,

இன்று காலை உங்கள் பெருக்கும் இயந்திரம் என் வீட்டில் பேசியது. தூசிப் பை நிரம்பிவிட்டது, மாற்றவும் என்று அந்த ஆங்கிலப் பெண் குரல். சத்தத்தை நீங்கள் வைத்தபடியே முழுசாக விட்டிருக்கிறேன். பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் குரல் எதைச் சொன்னாலும் நீங்கள் "சரிம்மா" என்பீர்கள். பதில் சொல்ல ஆளில்லாமல் அது இரண்டாம் முறையும் சொல்லிவிட்டு ஓய்ந்தது.

சுவரோரம் நிற்கும் அதன் பெட்டியின் மூடியைத் திறந்து பையை உருவினேன். உங்கள் வீட்டுத் தூசியும் என் வீட்டுத் தூசியும் ஒன்றாக அமுங்கி, பழைய கம்பளித் துண்டு போலச் சாம்பல் நிறத்தில் இருந்தது. முகத்தருகே கொண்டுபோயிருக்கக் கூடாது. விபூதி வாசனை அடித்தது. அதற்கடியில், நீங்கள் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனை. உங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டி இத்தனை வாரம் ஆன பிறகும், நீங்கள் பின்னால் வந்து நிற்கிறீர்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

இதை வாங்கப் போன நாள் நினைவுக்கு வந்தது.

அக்கா போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் இருந்தவரை உங்களுக்குப் பார்வை இல்லை என்பதே எங்களுக்கு மறந்துபோகும். அவள் பேச்சைப் பிடித்துக்கொண்டே வீடு முழுக்க நடப்பீர்கள். "சர்க்கரை ஆலைல சம்பாரிச்சேன், சர்க்கரையே கண்ண வாங்கினு போச்சு" என்று கேட்பவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். அவள் போன பிறகு சிரிப்பும் போனது. வீடு பெருக்க ஆள் வைக்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "ஆளு வந்தா எங்க நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது பாப்பா. வாணாம்" என்றீர்கள். நீங்கள் என் அக்காவைக் கட்டிக்கொண்டபோது நான் பாவாடை கட்டிய குழந்தை. எனக்குத் தலை நரைத்த பிறகும் உங்களுக்கு நான் பாப்பாதான்.

அப்படித்தான் திருவள்ளூரில் ஒரு பெரிய கடைக்கு மின்சார ரயிலில் போனோம். தானே ஓடிப் பெருக்கும் இயந்திரங்கள் தரையில் வரிசையாக இருந்தன. விற்பனைப் பெண் நல்ல பிள்ளை. விலை கூடின ஒன்றை ஓடவிட்டு, "சார், இது ஓடறதே தெரியாது, அவ்ளோ அமைதி" என்றாள்.

"தெரியலன்னா எனக்கு வாணாம்மா. சத்தம் போடுறதா ஒண்ணு காட்டு."

அவள் சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் என்னைப் பார்த்தாள். "எல்லாரும் சத்தம் கம்மியாதான் மேடம் கேப்பாங்க" என்றாள் மெதுவாக. பார்வையில்லாதவர், காலில் இடறாமல் இருக்கத்தான் கேட்கிறார் என்று நானும் விளக்கம் சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

என் பிடிவாதம் வேறு. தூசியைத் தானே கொட்டிக்கொள்கிற வகைதான் வேண்டும் என்றேன். மற்றதில் தினமும் டப்பாவைக் கழற்றித் தட்ட வேண்டும். பாதி உங்கள் மேலேயே கொட்டும், இருமலும் வரும். இதில் இயந்திரம் பெருக்கி முடித்ததும் தன் பெட்டிக்குத் திரும்பிப் போய் நிற்கும். பெட்டி அதன் வயிற்றிலிருக்கும் தூசியை ஒரே இழுப்பாக இழுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும். பையை எப்போதாவது நான் வந்து மாற்றினால் போதும்.

"அதுக்கு ஒரு வவுறு, பொட்டிக்கு ஒரு வவுறா?" என்றீர்கள்.

அந்தப் பெண் தரையில் காகிதத் துணுக்குகளைப் போட்டு இன்னொன்றை ஓடவிட்டாள். அது கரகரவென்று சுற்றிவிட்டுப் பெட்டிக்கு வந்து ஒட்டிக்கொண்டதும் பெட்டி ஓவென்று அலறியது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் முகம் மலர்ந்தது. "ஆலைல கரும்பு எறங்கற மாரி கீது. இதயே வாங்கினு போவலாம்."

ஈரத்துணியால் துடைக்கும் வகை இன்னும் கொஞ்சம்தான் விலை கூட என்று அவள் ஆரம்பித்தபோது, "தண்ணி வாணாம்" என்று வெட்டினீர்கள். அந்தக் குரல் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. வழுக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே மரப்படி இருக்கிறதே, ஏறுமா என்று விரலை மடக்கி உயரம் காட்டிக் கேட்டீர்கள். ஏறும் என்றாள். வாங்கிக்கொண்டு வந்தோம்.

முதல் நாள் அது வீட்டை அளந்தது. அது வரையும் வீட்டுப் படத்தை நான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நாற்காலியில் சாய்ந்து காதாலேயே தொடர்ந்தீர்கள். "இப்ப பீரோ கிட்ட... இப்ப கட்டுல்ல அடிக்குது." திரையில் சுவர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன.

"கதவுல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு பாவா."

"வூட்ல இருக்கறவங்க தெரிவாங்களா அதுல?"

"மனுசங்களயா? இல்ல பாவா. சொவரும் சாமானும்தான்."

நாற்காலியில் நிமிர்ந்தீர்கள். பிறகு, "ஒரு எடத்துக்கு மட்டும் அது போவாம பண்ண முடியுமா?" என்று கேட்டீர்கள். முடியும், படத்தில் ஒரு கட்டம் போட்டால் அதற்குள் நுழையாது என்றேன். எழுந்து அடுப்பங்கரைக்குப் போனீர்கள். தொட்டிக்கும் மேடைக்கும் நடுவில் நின்று, வலது கால் கட்டைவிரலால் தரையில் மெதுவாக ஒரு கோடு இழுத்தீர்கள். பிறகு திரும்பி இன்னொரு கோடு. அந்த இடத்துக்குள் பாதம் படாமல், ஓரமாகவே சுற்றி வந்து கட்டத்தை முடித்தீர்கள். கால் கூசாமல் எங்கும் நடக்கிற நீங்கள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இருந்தது அது. அங்கே தரை ஓடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. விரலால் திரையில் கட்டம் போட்டேன்.

சாயங்காலங்களில் பள்ளிக்கூட வேலை முடிந்து வருகிற வழியில் உங்களை எட்டிப் பார்ப்பேன். விளக்கு உங்களுக்கு எதற்கு? இருண்ட வீட்டுக்குள் கரகரச் சத்தம் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும், கூடவே ஒரு சின்ன நீலப் பொட்டு. நீங்கள் எங்கோ உட்கார்ந்து, "ஆங், அப்டியே வா... அங்க என்னா பண்ற?" என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தொனி எனக்குத் தெரியும். அக்காவிடம் பேசுகிற தொனி. வாசலில் நின்று சுவிட்சைத் தேடும் வரை என் முதுகு சில்லென்றிருக்கும். அடுப்பங்கரைக்குள் போகிற இயந்திரம் ஒன்றுமில்லாத அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, யாரோ படுத்திருப்பவரைத் தாண்டாமல் போவது போல வளைந்து போகும். கட்டம் போட்டவளே நான்தான். ஆனாலும் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்யும்.

அப்புறம் அந்த நாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீடு அடங்கியிருந்தது. கரகரப்பு இல்லை, உங்கள் பேச்சும் இல்லை. உள்ளே போனால், நீங்கள் கைகளையும் முழங்காலையும் ஊன்றித் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தீர்கள். இரண்டு உள்ளங்கையாலும் தரையைத் துழாவிக்கொண்டே, "எங்க கீற? சொல்லு. எங்க கீற?" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். குரல் மெலிந்து, குழந்தையின் குரல் போல் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் உங்கள் கை என் கணுக்காலைப் பிடித்துவிட்டது. விரல்கள் கீழே இறங்கி என் மெட்டியைத் தொட்டன. அப்படியே நின்றன.

"பாவா, நாந்தான். பாப்பா."

நான் மறுபடி சொன்ன பிறகுதான் விட்டீர்கள். இயந்திரம் கட்டிலுக்கடியில் பழைய செருப்பில் மாட்டி, சார்ஜ் தீர்ந்து ஊமையாகக் கிடந்தது. இழுத்து வந்து பெட்டியில் வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நீங்களாகவே சொல்லத் தொடங்கினீர்கள்.

"ஆடிக் கிருத்திகை அன்னிக்கு தெருவெல்லாம் பம்பையும் அரோகராவுமா இருந்துச்சு. காவடி தூக்கினு வரவங்களுக்குக் குடுக்க ஒங்கக்கா மோரு கரைச்சுகினு இருந்தா. அப்பால அவ சத்தத்தக் காணோம். வெளிய போய்க்கீறான்னு நெனச்சேன். கூப்ட்டேன். ரேடியோவப் போட்டுகினு உக்காந்துட்டேன். பசிச்சுது. மறுபடி கூப்ட்டேன். ஜனத்துல மாட்டிகினு கீறான்னு நெனச்சேன். தாகமா இருந்துச்சு. எழுந்து போனேன். கால்ல பட்டா."

உங்கள் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன்.

"மோரு கொட்டி எல்லாம் ஈரமா கீது. சில்லுனு கீது. தரை எது, அவ எதுன்னு தெரியல பாப்பா."

எங்கள் எல்லோருக்கும் நீங்கள் சொன்னது வேறு. பேசிக்கொண்டே இருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள், தாங்கிப் பிடித்தேன் என்றீர்கள்.

"டாக்டரு விழுந்தப்பவே உசுரு போயிருக்கும்னாரு. இருக்கலாம். எனக்கெப்டித் தெரியும்? நாலடி தள்ளி உக்காந்து ரேடியோ கேட்டுகினு இருந்தேன். சத்தம் போடாம ஒண்ணு இந்த வூட்ல கெடக்கக் கூடாது. அதான்."

உங்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. என் அக்கா ஈரத்தில் தனியாகக் கிடந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவெல்லாம் உங்கள் பிடி என் கணுக்காலில் இருந்தது. விடிந்ததும் இட்லி எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் முந்தின நாள் உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

"வந்துட்டியா" என்றீர்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, "அந்தக் கட்டத்த எடுத்துடு பாப்பா. அங்கயும் பெருக்கட்டும். எத்தினி நாள்தான் அவள அப்டியே போட்டு வெக்கறது" என்றீர்கள்.

எடுத்தேன். அன்று இயந்திரம் முதல் முறையாக அந்த இடத்துக்குள் போனது. எதுவும் நடக்கவில்லை, கரகரவென்று போய்விட்டு வந்தது. நீங்கள் மரப்படியோரம் உட்கார்ந்து அதில் கை வைத்தபடி, அது வெளியே வரும் வரை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் போன அன்று காலை நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பிரஷ் சிக்கிக்கொண்டது என்று கைபேசியில் செய்தி வந்தது. உங்களைக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்து எதிர்வீட்டு அம்மாவே என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஒங்க பாவா வூட்ல ஒரு பொம்பள இங்கிலீசுல கத்திகினே கீதும்மா. யாரு அது? கதவத் தட்டுனா அவரு குரல் குடுக்கல. நான் உள்ள போறேன்."

ஆட்டோ பிடித்து நான் வருவதற்குள் தெருவே கூடியிருந்தது. அடுப்பங்கரையில், தொட்டிக்கும் மேடைக்கும் நடுவே மல்லாந்து படுத்திருந்தீர்கள். உங்கள் லுங்கி நுனி இயந்திரத்தின் பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு அது உதவி கேட்டுக்கொண்டே இருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை. நான்தான் குனிந்து நிறுத்தினேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனவர் விழுந்துவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் உங்கள் தலைமாட்டைப் பார்த்தேன். துண்டை நாலாக மடித்துத் தலைக்கு வைத்திருந்தீர்கள், பாவா. விழுகிறவன் துண்டை மடிப்பானா? அன்றைக்கு மட்டும் போய்ப் படுத்தீர்களா, இல்லை கட்டத்தை எடுத்த நாள் முதல் தினமும் அங்கே போய்ப் படுத்திருந்தீர்களா?

காரியங்கள் முடிந்து ஒரு நாள் கைபேசியில் அன்றைய படத்தைத் திறந்தேன். இயந்திரம் போன இடமெல்லாம் கோடு கோடாக இருந்தது. போகாத இடம் வெள்ளை. அடுப்பங்கரையில் மட்டும் வெள்ளையாக ஒரு நீள்கட்டம் விடுபட்டிருந்தது. நான் அழித்த கட்டம் இருந்த இடம், அதே நீளம். அழிக்காமல் விட்டுவிட்டேனோ என்று தேடிப் பார்த்தேன். தடுத்த இடம் எதுவும் இல்லை என்றே காட்டியது.

இயந்திரத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பழைய வீட்டின் படத்தை அழித்துவிடலாமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். உங்கள் வீடு என் கைபேசிக்குள் இருக்கிறது. மறுபடி திறந்து பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் பின்னறையில் இருந்தார். "ஏங்க" என்றேன். பதில் இல்லை. எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை. பின்னறைக் கதவுக்கு அப்பால் தெரிந்த தரையையே பார்த்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன்.

"ஆங், இங்கதான் கீறேன். இன்னா?"

"ஒண்ணுமில்ல. கூப்ட்டா ஒடனே பதில் சொல்லுங்க."

"பேப்பர் படிச்சுகினு இருந்தேன். இதுக்குப் போயி இப்டிப் பயப்படறியே" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் நானும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சும்மா போவதில்லை, பாவா. கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "இதோ, அடுப்பங்கரைக்குப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

உங்கள்
பாப்பா