ஒயின் இல்லாத வெள்ளிக்கிழமைகள்

ஜூலை 21, ஞாயிறு

மழைக்கால விரதம் தொடங்கிவிட்டது. இனி மூன்று மாதம் பிக்குகள் மடத்திலேயே தங்குவார்கள். வெளியே இருக்கும் நாங்கள் குடியை விடுவோம், அல்லது விடுவதாகச் சொல்லிக்கொள்வோம். நான் இத்தனை வருடத்தில் சொன்னதுகூட இல்லை. இன்று சொல்லிவிட்டேன். பக்தியில் இல்லை, கோபத்தில்.

கோயிலில் மெழுகுவர்த்தி கொடுத்துவிட்டு வந்து படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது லத்தா அக்கா ஆரம்பித்தாள். "ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி நீயும் உன் புருஷனும் போய் ஒரு மாச மளிகையை ஒரே ராத்திரியில தின்னுட்டு வர்றீங்க. அப்படி என்னடி இருக்கு அங்க?"

"சாப்பாடு இருக்கு. வயித்தை ரொப்பறது வேற, சாப்பிடறது வேற அக்கா."

"சாப்பாட்டுக்குன்னா ஒயின் எதுக்கு? அது இல்லாம மூணு மாசம் அங்க போய் உக்காந்துட்டு வா, பாப்போம்."

"வர்றேன்."

"யாரு, நீயா நுச்?"

என் கணவன் தவீசக் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்: "நானேதான்."

வரும் வழியில் கேட்டான்: "நானும் நிறுத்தணுமா?" வேண்டாம் என்றேன். அவனை எதற்கு வதைக்க வேண்டும்? எங்கள் இருவரில் ஒயின் இல்லாமல் முடியாதவன் அவன்தானே.

ஜூலை 26, வெள்ளி

போய்விட்டு வந்தோம். எட்டு வருடமாகப் போகும் உணவகம். அதே மாடி, ஆற்றைப் பார்த்த அதே மேசை. எங்களுக்கு எப்போதும் பரிமாறும் பிரசித் என் முன்னால் இருந்த கிளாஸை எடுத்துக்கொண்டு போனபோது யாரோ என் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போவது போல இருந்தது. பதிலுக்கு எலுமிச்சைப் புல் தண்ணீர் கொடுத்தார். பாவம், நல்ல மனிதர்.

மீன் வந்ததும் தவீ அவரிடம் சொன்னான்: "இந்த மீன் உயிரோட இருந்தப்ப என்னைவிட நல்லா வாழ்ந்திருக்கும் போல." பிரசித் வாய் நிறையச் சிரித்தார். இதை அவன் ஒவ்வொரு தடவையும் சொல்கிறான் என்பது இன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிரசித் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரித்திருக்கிறார். நானும்தான் சிரித்திருப்பேன்.

மூன்றாவது தட்டு வந்தபோதே வீட்டுக்குப் போகலாமா என்று இருந்தது. இத்தனை தட்டுகளும் இவ்வளவு மெதுவாகவா வந்துகொண்டிருந்தன?

தவீ சொன்னான்: "நீ பாக்கற பார்வை விமான நிலையத்துல பெட்டியைத் திறந்து பாக்கறவங்க பார்வை மாதிரியே இருக்கு."

"என்ன ஒளிச்சு வச்சிருக்க?"

வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஜூலை 31, புதன்

தூக்கம் சரியில்லை. அலமாரி இரண்டையும் காலி செய்து மறுபடி அடுக்கினேன். கடையில் பச்சைத் துணியைத் தலைகீழாக வெட்டிவிட்டேன். இருபது வருடமாகத் திரைச்சீலை தைத்து விற்கிறவள் செய்கிற காரியமா?

ஆகஸ்ட் 3, சனி

வீட்டில் நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கவனித்தேன்.

நான்: "திங்கக்கிழமை சாத்தோர்ன் பக்கம் பெரிய வீடு. ஜன்னல் மட்டும் பதினாறு."

அவன்: "ம்."

அவன்: "மருத்துவமனை லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு. காலைல சீக்கிரம் போகணும்."

நான்: "ம்."

அவ்வளவுதான். பிறகு தொலைக்காட்சி. சண்டை கிடையாது, கோபம் கிடையாது. எப்போதுமே இப்படித்தானா? ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அந்த வெள்ளிக்கிழமைகள் இருந்ததால் கண்ணில் படவில்லையா?

ஆகஸ்ட் 9, வெள்ளி

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

நண்டு வந்தது. தெற்கத்திக் குழம்பு, மேலே வெற்றிலையைப் பொடிப்பொடியாகக் கிள்ளிப் போட்டிருந்தார்கள். உண்மையில் அபாரம். நாக்கில் முதலில் காரம், அது அடங்கும்போது தேங்காய், அதற்கும் பின்னால் ஏதோ ஒரு புகை. ஒயின் இல்லாமலே எல்லாம் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்து சொல்லத் தோன்றவில்லை. தின்றேன், அவ்வளவுதான்.

தவீ மூன்றாவது கிளாஸில் இருந்தான். ஆற்றைப் பார்த்தபடியே சொன்னான்: "எனக்கு இந்த மேசையில உக்காந்திருக்கற நுச்சைத்தான் ரொம்பப் பிடிக்கும்."

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. முட்டாள் நான். அப்புறம் சொல்றான்: "அவ இன்னிக்கும் வரலை."

இன்னிக்கும் வரலையாமே! அப்போ எதிர்ல உக்காந்திருந்தது யாரு? வீட்ல இவனுக்குச் சட்டை மடிச்சு வைக்கிறது யாரு? பதினாலு வருஷமா யார்கூட இருக்கான்?

டாக்ஸியில் முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் கேட்டேன். "என்ன சொன்னேன்? ஞாபகமே இல்லையே" என்று சாவியைத் தேடினான். சாவி அவன் கையில் இருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

அக்கா தொலைபேசியில்: "என்னடி, விரதம் இருக்கா ஓடிப்போச்சா?"

"இருக்கு."

"குரலே சரியில்லையே. சும்மா வாய்ச்சண்டைக்குச் சொன்னேன்டி, உடம்பை வருத்திக்காத."

நிறுத்திவிடலாம்தான். இன்று மாலை கடையை மூடிவிட்டு ஒயின் விற்கிற கடை வாசல்வரை போனேன். ஒரே ஒரு கிளாஸ் குடித்தால் அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்குப் பிடித்த நுச் வந்துவிடுவாள். அதுதான் பிடிக்கவில்லை. அவளைக் கூட்டிவர ஒரு பாட்டில் வேண்டுமா? திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "உனக்குப் பிடிச்சவளைக் கூட்டிட்டுப் போ." சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு அசிங்கமாக இருந்தது என்று தெரிந்தது. அவன் தலைவாரிக்கொண்டு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

ஏழரைக்கு உணவகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "உங்க மேசை காத்துட்டிருக்குங்க. கிளம்பிட்டீங்களா?"

அவர் வரவில்லையா என்று கேட்டேன். இல்லையாம்.

அப்போ எங்க போனான்? நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு எங்க போனான்?

அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. யாரென்று யோசித்துப் பார்த்தேன். அவன் அலுவலகத்தில் சேர்ந்திருக்கும் அந்தக் குட்டை முடிக்காரியா? இப்படியெல்லாம் யோசிக்கிறவள் இல்லை நான்.

ஒன்பது மணிக்கு வந்தான். "எப்படி இருந்துச்சு சாப்பாடு?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்றான்.

ஆகஸ்ட் 24, சனி

காலையில் இரண்டு காபியை வைத்துவிட்டு நேராகக் கேட்டேன். "நேத்து அங்கேயிருந்து கூப்பிட்டாங்க. நீ போகலை. யார்கூட இருந்த?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பயந்துவிடுவான் என்று நினைத்தேன். மாறாக, மாட்டிக்கொண்டதில் நிம்மதி வந்த முகம்.

"கால்வாய்க்கரைல படகு நூடுல்ஸ் கடை. நாலு கிண்ணம் சாப்பிட்டேன். தனியாத்தான். வேணும்னா கடைக்காரம்மாவைக் கேளு, இவ்வளவு நல்ல சட்டைல வந்து நூடுல்ஸ் திங்கறியேன்னு கிண்டல் பண்ணுச்சு."

"அதுக்கு எதுக்குப் பொய்?"

"நீயில்லாம அங்க போனா நான் கோமாளி. வீட்டுக்கு வரவும் பயமா இருந்துச்சு."

"என்னைப் பாத்தா?"

"நீ பேசாம இருப்ப. அதைப் பாத்து."

எனக்குச் சுருக்கென்றது. "நானா பேசறதில்லை? நீதான் ஒயின் இல்லாட்டி வாயே திறக்கறதில்லை!"

"எனக்கு ஒயினே பிடிக்காது நுச். எல்லாம் ஒரே புளிப்பாத்தான் இருக்கு. மறுநாள் நெஞ்சு எரியும். நானாவது குடிச்சா நீ பேசுவியோன்னுதான் இப்பவும் குடிச்சேன். எனக்கு அந்த மீனுக்கும் தெருமுனை மீனுக்கும்கூட வித்தியாசம் தெரியாது. உனக்குத்தான் தெரியும். ரெண்டாவது கிளாஸ்ல நீ பேச ஆரம்பிப்ப. இந்த நண்டுல என்ன போட்டிருக்கான், அது ஏன் அப்படி இருக்கு, சின்ன வயசுல நீ எங்க அதைத் தின்னன்னு… அதைக் கேக்கத்தான் நான் வர்றேன். எட்டு வருஷமா அதுக்குத்தான் வர்றேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பார், மறுபடி பேசவில்லை!

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நான் அவனைத்தான் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

உணவகத்துக்குப் போகவில்லை. அவன் சொன்ன கால்வாய்க்கரைக் கடைக்குப் போனோம். குழம்பு நன்றாகவே இருந்தது. அன்னாசிப்பூ, லவங்கப்பட்டை, குழம்பில் கலக்கிற ரத்தத்தின் இரும்பு வாசனை. இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பார்த்தால் யாருக்குப் பேச்சு வரும்? "நல்லா இருக்கு" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

செப்டம்பர் 13, வெள்ளி

வீட்டில் சமைத்தேன். வறுத்த கானாங்கெளுத்தி, இறால் துவையல், அவித்த காய். ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவள் போல ஆரம்பித்தேன்: "இந்தத் துவையல்ல பாரு, முதல்ல உப்பு வரும், அப்புறமா…" எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடியே தின்றேன்.

அவன் வாசலில் வந்து நின்றான். "கிண்டல் இல்ல. சத்தியமா."

"போ. தொலைக்காட்சியைப் பாரு."

ஒயின் எனக்குள் எதையோ திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. அது இல்லாமல் கைப்பிடி எங்கே என்று தெரியவில்லை. இதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம் என்றால், அக்கா சொன்னது சரியா? அல்லது, இதை வாங்கக் காசு தேவைப்பட்டால்தான் என்ன தப்பு?

செப்டம்பர் 29, ஞாயிறு

என் அளவெடுக்கும் பையனுக்குக் காய்ச்சல். தவீ வந்தான். ஏணியைப் பிடிப்பது லிஃப்ட் பழுது பார்க்கிற அவன் தொழிலுக்கு நெருங்கிய வேலையாம். லாட் ப்ராவில் ஒரு பழைய வீடு, மாடி முழுக்கக் கோணல் ஜன்னல்கள். மழையால் மதியம்வரை அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

மேலே நின்று அளந்துகொண்டே, இந்த மாதிரி ஜன்னலுக்குக் கனத்த துணி ஏன் ஆகாது என்று சொன்னேன். ஈரத்தில் கனத்த துணியின் வாசனை எப்படி மாறும் என்று சொன்னேன். அது புளித்த மாவில் தொடங்கி மாங்காய்த் தோலில் முடியும். அம்மாவின் தையல் கடையில் இதே வாசனைக்கு நடுவே உட்கார்ந்து உப்பு மிளகாய் தொட்டுப் பச்சை மாங்காய் தின்றது. ஒரு நாள் ஊசிப்பெட்டியில் உப்பைக் கொட்டி அடி வாங்கியது.

கீழே சத்தமே இல்லை. குனிந்து பார்த்தேன். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தான்.

"அளவு என்ன? எழுதலையா?"

"எது?"

"இவ்வளவு நேரம் கத்திட்டிருக்கேன்!"

"நீ ஊசிப்பெட்டிக்குப் போனப்பவே அளவை விட்டுட்டேன்."

மறுபடி முதலிலிருந்து அளந்தோம். வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

அக்டோபர் 4, வெள்ளி

உணவகத்தில் எங்கள் மேசையை இந்த வெள்ளியும் விட்டுக்கொடுத்துவிட்டோம். அந்த நண்டின் ஞாபகம் வருகிறது. ஒயின் ஞாபகம்கூட அல்ல, நண்டு.

அக்டோபர் 17, வியாழன்

விரதம் முடிந்தது. கோயிலில் அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். "ஜெயிச்சுட்ட. இனிமே அந்தக் கொள்ளைக்காரன் கடைப்பக்கம் போக மாட்டதானே?"

"நாளைக்குப் போறேன்."

"அடிப்பாவி!"

"நல்லா சமைக்கறாங்க அக்கா. எனக்குப் பிடிச்சிருக்கு."

இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடலாம் என்று ஜூலையில் தெரியாமல் போயிற்று.

ஆனால் ராத்திரி தவீ சொன்னான்: "நீ போ. நான் வரலை." மனசு ஒரு நிமிடம் இருண்டது. "கோவம் இல்ல," என்றான். "எனக்கு அங்க நெஞ்செரிச்சல்தான். நீ சாப்பிடு. நான் நூடுல்ஸ் தின்னுட்டு உன்னை வந்து கூட்டிக்கறேன்."

அக்டோபர் 19, சனி

நேற்று எழுத நேரமில்லை.

"ஒருத்தரா?" என்றார் பிரசித். "ஒருத்தர்தான்." எதிர் நாற்காலியை எடுத்துவிடவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். ஒரு கிளாஸ் வெள்ளை ஒயின். முதல் மிடறில் கண்ணில் தண்ணீர் வந்தது. இவ்வளவு நல்லதை இத்தனை வருடம் பேச்சுக்கு எண்ணெயாக ஊற்றிக்கொண்டிருந்தேனே! மெதுவாகக் குடித்தேன். இரண்டாவது கிளாஸ் கேட்கத் தோன்றவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது முதல் பத்து நிமிடம் கூச்சமாக இருந்தது, பிறகு இல்லை. பில்லைப் பார்த்தேன். அதிகம்தான். கொடுத்தேன்.

வெளியே காரில் தவீ. பூண்டு வாசனையும் அவனுமாக. கதவைச் சாத்துவதற்குள் கேட்டான்: "என்னென்ன குடுத்தாங்க?"

முதல் தட்டு தாமரைத் தண்டு என்று ஆரம்பித்தேன். அதில் ஊற்றியிருந்த புளிக்கு அடியில் இருந்த இனிப்பைச் சொல்லி முடிக்கவே பாலம் கடந்துவிட்டது. எங்கள் தெரு திரும்பும் இடத்தைத் தவறவிட்டான். அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்தோம்.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது நான் நாலாவது தட்டில்தான் இருந்தேன். அவன் எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை.

"அப்புறம்?" என்றான்.