தரையில் கிடந்த கம்பி

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிக்கே ஏறிவந்து என்னைத் திட்டுகிறாள். இதை எழுதுகிறவன் நம் ரேடியோ மெக்கானிக்தான். நழுவப் பார்த்தான், உன் கையாலேயே எழுதுடா என்று பிடித்து உட்காரவைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு காலை வழக்கம்போல ஹாம் ரேடியோவில் உன்னைக் கூப்பிட்டேன். பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி வந்தாய், "அப்பா, இன்னிக்கு உங்க சிக்னல் பிரமாதம்" என்றாய். பேசி முடித்து மாடிக்குப் போனால், முதல் நாள் காற்றில் கயிறு அறுந்து ஆன்டெனாக் கம்பி தரையில் கிடக்கிறது, அதன்மேல் ஒரு ஈரப் போர்வை. முப்பத்தொரு வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கினவன் நான், கீழே கிடக்கிற கம்பி கடல் தாண்டாது என்று யாரும் படித்துச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். நான் வாயே திறக்கவில்லை, "அண்ணே, பாப்பாதான் சொல்லவேணாம்னுச்சு" என்றான். இன்டர்நெட் வழியாக அவன் செட்டுக்கு வந்து, அங்கிருந்துதான் என்னோடு பேசியிருக்கிறாய், இரண்டு வருஷமாக, ஞாயிறுதோறும். இரண்டு தெரு தூரத்துக்குத் தரையில் கிடக்கிற கம்பியே போதும்.

எனக்கு எழுத்துதான் வராது, எதையும் மறக்கமாட்டேன். முதன்முதலில் கம்பி கட்டின மறுநாள், புதன்கிழமை, குழாய் எத்தனை அடி, கம்பி பக்கத்துக்கு எத்தனை அடி, எந்தத் திசை என்று போனில் கேட்டாய். முப்பத்தைந்து, பதினாறரை, நீ இருக்கிற திசைக்கே நீட்டிப் பிடித்திருக்கிறேன் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து, "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன்பா, நேரா என் வீட்டுக்கே வருது" என்றாய். கம்ப்யூட்டர் போட்ட அந்தப் படத்தை இப்போதுதான் மெக்கானிக் காட்டினான். கம்பியின் இரண்டு பக்கவாட்டிலும் சிக்னல் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது, முனை நீட்டுகிற பக்கம் ஒன்றுமே இல்லை. உன்னைப் பார்த்து நீட்டியதால் உன்னைத் தவிர ஊருக்கெல்லாம் கேட்டிருக்கிறது. திருப்பிக் கட்டுங்கப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை நாள் வேலை. நான் மறுபடி ஏணி ஏறுவேன் என்று பயந்தாயாம். கேள்வியை வாசிக்கச் சொல்லி வாயாலேயே பதில் சொல்லி லைசென்ஸ் வாங்கினவன் நான், அங்கேகூட எவரும் எனக்குப் பாவம் பார்த்து மார்க் போடவில்லை. நீ போட்டுவிட்டாய். என் கம்பி கடல் தாண்டுது என்று தெருவில் பார்த்தவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன், அப்போதெல்லாம் இந்த மெக்கானிக்கும் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

நேற்று கம்பியைத் திருப்பிக் கட்டிவிட்டேன், ஏணியை இவன்தான் பிடித்தான். வருகிற ஞாயிறு இவன் செட் ஓடாது, அதன் பவர் வயர் என்னிடம் இருக்கிறது. உன் வீட்டிலும் ஒரு கம்பி கட்டியிருப்பதாகச் சொன்னாய், அதுவாவது உண்மையா. உண்மையென்றால் அதிலிருந்து கூப்பிடு, நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல், வெறும் இரைச்சலோடு உட்கார எனக்குத் தெரியும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கோபம் இருந்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான், குறைவில்லாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா, கைநாட்டு